தள்ளில்லாத அசனம்

"இந்த வருசம் நம்ம அசனத்துல ஒரு மனுசனும் இன்னொரு மனுசனத் தள்ளமாட்டான்" என்று நேசமணி அறிவித்தபோது, ஆலய முற்றத்து வேப்பமரத்துக் காகம்கூட நம்பவில்லை.

அசனம் என்றால் ஆலயத் திருநாளின் பொதுச் சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தால் மணம் இராஜாக்கமங்கலம் வரை போகும். போன வருசம் நெரிசலில் ஒருவர் உள்ளே போய்ச் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் அவருடைய சட்டை வந்து சேர்ந்தது. பந்தலே நகர்ந்து பக்கத்துத் தென்னந்தோப்பில் நின்றது.

"கம்ப்யூட்டர் பாத்துக்கிடும்" என்றார் நேசமணி. கமிட்டி பயந்து தலையாட்டியது. செயலர் ரசலையன் மட்டும் ஆட்டவில்லை.

"கடலு வத்துனாலும் அசனத்துல தள்ளு நிக்காது ஓய். நின்னா நானே வாயால ஒத்துக்கிடுதேன். நிக்கலன்னா அசனப் பொறுப்ப என்கிட்ட தந்திரணும்."

மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற நேசமணிக்கு மிஞ்சியிருந்த ஒரே பதவி அது. வீட்டில் மனைவி தேவகனி எதையும் அவரிடம் ஒப்படைத்ததில்லை.

நேசமணி ஜினிஷாவின் கம்ப்யூட்டர் சென்டரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்துவந்தார். அவர் கையால் ஓடிய ஒரே புரோகிராம், எண்ணைக் கொடுத்தால் ஒற்றை, இரட்டை என்று பிரிப்பது. இரட்டை நம்பருக்குச் சாப்பாடு பள்ளிக்கூடத்தில், ஒற்றைக்குப் பந்தலில். கூட்டம் பாதியாகும், தள்ளு தீரும். ஒவ்வொரு டோக்கனிலும் நம்பரையும் கம்ப்யூட்டர் சொன்ன இடத்தையும் அச்சடித்தார். படித்துப் பார்க்க நேரமில்லை. செயலர் மரியாதைக்கு ஒன்றாம் நம்பரை ரசலையன் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்பது வரை மீதி போதகர் வீட்டுக்கு. ஊருக்குப் பத்திலிருந்து.

அசனத்தன்று முதலில் வந்த சத்தியபாயின் நம்பர் இருபத்தேழு.

"அண்ணே, இதுல ரெண்டுக்குப் பள்ளிக்கூடம், ஏழுக்குப் பந்தல்னு போட்டிருக்கு. நான் எங்க இரிக்கணும்?"

நேசமணி ஓரமாக ஓடி ஜினிஷாவுக்குப் போன் போட்டார்.

"அங்கிள், அது நம்பருக்குள்ள இருக்க ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாப் பிரிக்கியதாக்கும். முழு நம்பரு அடுத்த வாரப் பாடம்."

சோறு வெந்துவிட்டது. அடுத்த வாரம் வரை யார் காத்திருப்பது? ரசலையன் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் சொன்னால் சரிதான், இரண்டு இடத்திலும் சாப்பிடலாம் என்று நேசமணி மைக்கில் சொல்லிவிட்டார்.

நாற்பத்துநாலுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு முறை. இருநூற்று இருபத்திரண்டு எழுந்து, கைகழுவி, மறுபடி வந்து உட்கார்ந்தது. அண்டாவில் அகப்பை தரை தட்டுவதுபோல் நேசமணிக்குக் கேட்டது. ஓடிப்போய், ஒரு தடவைக்குப் பாதி அளவுதான் என்று பரிமாறுகிறவர்களுக்கு உத்தரவு போட்டார். பந்தலுக்கு ஓடினார். பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். அன்று அவர் ஓடிய தூரத்துக்குக் குலசேகரம் போய் ரப்பர் மரத்தில் பால் வடிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

எங்கேயும் சத்தமில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. வாசலில், "நீங்க முதல்ல இரியுங்க, எனக்கு அந்தப் பக்கம் இன்னொரு எல கெடக்கு" என்று ஊர் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பந்தல் கால் ஆடியது. ஒரு பெஞ்சு கவிழ்ந்தது. குழம்பு வாளி உருண்டது. தன் பதவியும் கூடவே உருளுவதைப் பார்த்தபடி நேசமணி ஓடினார். போதகரும் வந்துவிட்டார்.

"ஆரு தள்ளினது?" என்றார் போதகர்.

கூட்டம் விலகியது. நடுவில் சட்டை முழுக்கக் குழம்போடு ரசலையன் நின்றார். கையில் கசங்கிய டோக்கன். அதில் ஒரே ஒரு இலக்கம். ஊருக்கெல்லாம் இரண்டு, மூன்று இலை; அவருக்கு ஒரே ஒரு இலை, அதுவும் பாதி அளவு.

அவர் டோக்கனைப் பார்த்தார், காலியான தன் இலையைப் பார்த்தார், கடைசியில் நேசமணியைப் பார்த்தார்.

"நீரு சொன்னது நடந்துட்டு ஓய். ஊர்ல ஒரு மனுசனும் தள்ளல்ல. தள்ளினது நான் மட்டுமாக்கும்."