தேன் பாட்டிலும் இரும்புக் குண்டும்

என் மனைவியை ஒரு தடவையாவது ஏமாற்றிவிடுவது என்று போன மாதம் முடிவு செய்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆன ஒருவனுக்கு இது பேராசை இல்லை.

காரணம் தேன். என் ரத்தத்தில் சர்க்கரை எல்லை மீறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் இருந்த இனிப்பெல்லாம் காலி. அவளுடைய இருமலுக்கென்று ஒரே ஒரு தேன் பாட்டில் மட்டும் சமையலறை மேல்தட்டில் தப்பித்தது. மட்டம் குறைந்தால் தெரியட்டும் என்று அதன் மேல் பேனாவால் ஒரு கோடு வேறு போட்டு வைத்தாள். அந்தக் கோடு எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

என் உத்தியோகம் அப்படி. எண்ணெய்க் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கியர் ஆயில் எல்லாம் எவ்வளவு கெட்டி என்று பார்ப்பவன் நான். கண்ணாடிக் குழாயில் ஆயிலை ஊற்றி, குட்டி இரும்புக் குண்டைப் போட்டு, அது அடியில் போய்ச் சேர எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் இதே பேச்சுதான். அவள் காய் நறுக்கிக்கொண்டே இருப்பாள். கேட்டுக்கொண்டும் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

தேனை எடுத்தால் கோடு வரை எதையாவது நிரப்பியாக வேண்டும். தண்ணீர் விட்டால் நீர்த்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். விளக்கெண்ணெய் தேனோடு சேராது, மேலே மிதக்கும். கடைசியில் சோளமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, தேயிலைச் சாயம் விட்டு நிறம் ஏற்றினேன். கம்பெனிக்கு எடுத்துப் போய்க் குண்டைப் போட்டேன். தேனில் பதினொரு விநாடி. என் கஞ்சியிலும் பதினொரு விநாடி. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

தினமும் காலையில் அவள் குளிக்கப் போனதும் இரண்டு கரண்டி தேன் வாய்க்கு, இரண்டு கரண்டி கஞ்சி பாட்டிலுக்கு. நாலு நாள் சொர்க்கம். பிறகு ருசி இறங்க ஆரம்பித்தது. பத்தாம் நாள் சாப்பாட்டு மேஜையில் எனக்குப் பொறுக்கவில்லை.

“இனிமே அந்தக் கடையில தேன் வாங்காதே. ஒரே கலப்படம்.”

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

குடித்த தண்ணீர் புரையேறியது.

“ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க.”

“நம்ம வீட்டுத் தேனைப் பத்தியா?”

எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். நன்றாக நாலு குலுக்குக் குலுக்கினாள். தட்டில் சாய்த்தாள். கூச்சமில்லாமல் சளசளவென்று கொட்டியது.

“தக்காளி சாஸைக் குலுக்கினா இளகும், தேனை எவ்வளவு குலுக்கினாலும் இளகாதுன்னு யாரு சொன்னது?”

“நான்தான்.”

“எத்தனை தடவை?”

“நிறைய தடவை.”

“கஞ்சியும் சாஸ் ஜாதிதானே?”

அதே ஜாதிதான். குண்டைப் போட்டுப் பார்த்தவன் குலுக்கிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

“எப்போ கண்டுபிடிச்சே?”

“மூணாம் நாளே.”

“அப்புறம் ஏன் சும்மா இருந்தே?”

“ஒரேயடியா நிறுத்தினா ஏங்கிப்போயிடுவார், கொஞ்சம் கொஞ்சமா குறைங்கன்னு டாக்டர் என்கிட்ட சொன்னார். நான் சொன்னா நீங்க கேட்பீங்களா? கோடு போட்டு வச்சா நீங்களே ஏதாவது பண்ணுவீங்கன்னு தெரியும். நீங்களே கலந்தீங்க, நீங்களே குறைச்சுக்கிட்டீங்க. நேத்து நீங்க குடிச்சதுல முக்கால்வாசி கஞ்சிதான்.”

தோற்றாலும் ஒரு நியாயம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

“சரி, உன் இருமலுக்கு வச்சிருந்த தேனாச்சே. இனிமே இருமல் வந்தா என்ன பண்ணுவே?”

“எனக்கு எப்பங்க இருமல் வந்துச்சு?”

யோசித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட இருமியதில்லை.