முறை வெர்னாவுடையது

"மொத்தமும் உள்ள!" என்று ராய்ஸ் தன் பந்தய வில்லைகளை எல்லாம் மேசை நடுவே தள்ளினார்.

முறைப்படி இப்போது பேச, அதாவது பந்தயம் கட்ட வேண்டியது வெர்னா. ரீனோவில் காலமெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். வரிசையில் முந்துகிற பிள்ளையை மறுபடி கடைசியில் நிற்க வைத்துத்தான் வண்டியை எடுப்பாள். இன்றைக்கு அவளுக்கு வாராது வந்த சீட்டு வந்திருந்தது. மேசையில் பொதுவாக விரித்த சீட்டோடு சேர்த்தால் நாலு ராணி! ராய்ஸிடம் வாரக்கணக்காகத் தோற்றதையெல்லாம் ஒரே கையில் பிடுங்கிவிடலாம். மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள், மிச்சம் இவர்கள் இருவர்தான். இந்த நேரம் பார்த்து மனுஷன் குறுக்கே பாய்ந்தால் வயிறு எரியாதா?

"யோவ் ராய்ஸ், இங்க ஒருத்தி உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"அடடா, நீ ஆட்டத்துல இருக்கறதையே மறந்துட்டேம்மா."

மறந்துவிட்டாராம்! வெர்னாவுக்கு இன்னும் ஏறியது.

சூதாட்ட விடுதிக்காகச் சீட்டுப் பிரித்துப் போடும் ரெனாட்டோ கையை உயர்த்தினான். "மேடம், ரூல்படி நீங்க 'செக்'னு சொன்னா..."

'செக்' என்றால் நான் எதுவும் கட்டவில்லை, அடுத்தவர் பேசட்டும் என்று அர்த்தம்.

"நான் ஏன் கட்டாம விடணும்? அவரு முந்திரிக்கொட்டை மாதிரி முந்துவாரு, நான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணுமா? என்னய்யா நியாயம் இது? கூப்பிடு உங்க சூப்பர்வைசரை!"

சூப்பர்வைசர் கெய்ல் வந்து, நடந்ததைக் கேட்டாள். "முறை உங்களோடதுதான் மேடம், சந்தேகமே இல்ல. ஆனா இப்ப நீங்க 'செக்'னு..."

"நீயும் அதே பாட்டா? எல்லாரும் கூட்டு சேர்ந்துட்டீங்களா? முறை தவறிப் பேசின பேச்செல்லாம் ஒரு பேச்சா?"

எதிரே இருந்த கிழவர் பொறுமை இழந்தார். "அந்தப் பொண்ணை முழுசா பேசத்தான் விடேன் வெர்னா!"

"உங்க முறை வரும்போது நீங்க பேசுங்க!"

கெய்ல் பெருமூச்சு விட்டாள். எப்படி ஆடு என்று சொல்லித் தருவது அவள் வேலையும் இல்லை. "சரி மேடம். உங்க முறை. என்ன பண்றீங்க?"

வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு வில்லைகூட மிச்சம் வைக்காமல் தள்ளினாள். "மொத்தமும் உள்ள! இப்படித்தான், முறை வந்ததும் பேசணும்."

ராய்ஸ் கெய்லைப் பார்த்தார். கெய்ல் தலையசைத்தாள். அவர் தன் குவியலை அவசரமாக வாரி இழுத்துக்கொண்டு, சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்.

"பயந்தாங்கொள்ளி!" நாலு ராணியையும் மேசையில் அறைந்து காட்டினாள் வெர்னா. நடுவே கிடந்த சில்லறை வில்லைகளை ராணி மாதிரியே அள்ளிக்கொண்டாள். நியாயம் ஜெயித்துவிட்டது!

பின்னால் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ராய்ஸின் மனைவி எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"நீ நல்லா இருக்கணும்மா. நீ கட்டினதாலதான் திரும்ப எடுக்க ரூல் இடம் குடுத்துது. 'செக்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் ஈடு கட்டியிருந்தா, இவரு தள்ளினதைத் திரும்ப எடுக்கவே முடியாது, அத்தனையும் உனக்கே வந்திருக்கும்."