நாற்பது மரத்தில் துடைப்பம்

ஹுவான் பள்ளத்தாக்கு, டாஸ்மேனியா
ஜூன் 19

அன்புள்ள தம்பி மெர்வினுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது இருக்கிறது. பிரிஸ்பேன் வெயிலில் நீ நலமாகத்தான் இருப்பாய். எப்போது இல்லாமல் இருந்தாய்?

நீ ஜெயித்துவிட்டாய். தோட்டத்தை விற்கலாம். ஆனால் எப்படி ஜெயித்தாய் என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும். அப்பா போய்ப் பதினெட்டு வருஷம் கத்தரி படாத ஆப்பிள் மரங்கள். "அடுத்த மார்ச்சுல முப்பது பெட்டி பழம் எறக்கு, விக்க வேண்டாம். இல்லேன்னா செர்ரி போடுறவங்களுக்குக் குடுத்துடலாம்" என்று போனில் சொன்னாய். இருபத்தாறு வருஷம் லத்தீன் கற்பித்து, அந்தப் பாடமே வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவனுக்கு இந்தத் தோட்டத்தை விட்டால் போக்கிடம் இல்லை என்று தெரிந்தே சொன்னாய்.

போன ஜூலையில் ஏணியைச் சாய்த்தேன். பக்கத்துத் தோட்டத்து நோரீன் அக்கா வேலியோரம் வந்து, "ஏப்பா லெஸ்டர், ஒரு குளிர்காலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதே. கெழட்டு மரம், மெரண்டுடும்" என்றார். மூன்று குளிர்காலத்துக்கு நான் எங்கே போவது? ஒரே மூச்சில் வெட்டினேன். கிளைக்கு ஒரு பெயர் வைத்து வெட்டினேன். தலைமையாசிரியர் விழுந்தார். என் விவாகரத்து வக்கீல் விழுந்தார். அப்பாவின் காரை நீ கேட்காமல் எடுத்துப்போய் ஆற்றில் இறக்கிய விவகாரம் பெரிய கிளை, அதற்கு ரம்பம் தேவைப்பட்டது.

"யாரை வெட்டுறே?"

"மரத்தைத்தான்க்கா."

"மொகத்தைப் பாத்தா அப்படித் தெரியலையே!"

நாற்பது மரங்களை முடித்தேன். நாற்பத்தொன்றாவது, நீ பிறந்த வருஷம் அப்பா ஒட்டுக்கட்டியது. உன் மரம், நீயே வந்து வெட்டிக்கொள் என்று தொடாமல் விட்டேன்.

அக்டோபரில் பள்ளத்தாக்கு முழுக்கப் பூ. என் நாற்பது மரங்களில் மட்டும் பூ இல்லை, கோடைக்குள் ஆளுயரத்துக்குக் குச்சி குச்சியாக நேரே வானத்தைப் பார்த்து நின்றது. காய்க்காத குச்சி. அளவுக்கு மேல் வெட்டினால் மரம் இப்படித்தான் பழிவாங்குமாம். மார்ச்சில் மொத்த விளைச்சல் நாலு பெட்டி, நாலும் உன் மரத்தில். சின்னப் பழம், தோலெல்லாம் புள்ளி. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். எரிச்சலாக இருந்தது, அவ்வளவு ருசி. அதன் பக்கத்திலேயே அப்பா எனக்காக ஒட்டுக்கட்டிய மரம் ஒரு காய்கூட இல்லாமல் நின்றது.

நோரீன் அக்காவுக்குச் சிரித்து மாளவில்லை. "தம்பி மரம் காய்க்குது, உன் மரம் வீடு பெருக்குது. நாப்பது மரத்துல தொடைப்பம் வெளைய வெச்சவன் நீ ஒருத்தன்தாம்ப்பா!"

நாலு பெட்டி முப்பது பெட்டி ஆகாது. விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இனி என் வாழ்நாளில் கத்தரியைத் தொடமாட்டேன்.

ரோவீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லாரும் நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும், செர்ரி தின்றுகொண்டு.

உன் அண்ணன்,
லெஸ்டர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நோரீன் அக்கா வந்துவிட்டார். "அந்தக் குச்சியில பாதியை எடுத்துட்டு மீதியை வளைச்சுக் கட்டுப்பா, ரெண்டு மூணு வருஷத்துல காய்க்கும். உன் மரத்துல தம்பி மரத்தை ஒட்டு வை" என்றார். உன் மரத்திலிருந்து ஆறு குச்சி வெட்டினேன். ஒட்டு வைக்கும் செப்டம்பர் வரை அவற்றை ஈரத்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மேஜைமேல் கைக்குக் கிடைத்தது அந்த விற்பனைத் தாள் ஒன்றுதான். கையெழுத்து கரைந்துவிட்டது. வேறு தாள் அனுப்பு. அவசரமில்லை, மூன்று குளிர்காலம் கழித்து அனுப்பினாலும் போதும்.