லக்கேஜ் அக்காவின் மடி

லக்கேஜ் அக்காவின் மடியில் உட்காராத குழந்தை அன்றைய திண்டுக்கல் வட்டாரத்திலேயே கிடையாது. யாராவது இல்லையென்று மறுத்தால், அவர்களுக்கு நினைவு தெரியாத வயதில் நடந்தது என்று அடித்துச் சொல்வேன்.

கல்லூரி விடுதியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவள். ஊர் ஆத்தூர்ப் பக்கம். பெற்றவர்கள் வைத்த பெயர் வார்டனுக்கே மறந்துபோயிருந்தது. பஸ் வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிடுவாள். உட்கார்ந்ததும் நிற்பவர்களின் சுமையை வாங்கி மடியில் அடுக்க ஆரம்பிப்பாள். நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் ஒரு பையோடு நிறுத்திக்கொள்வார்கள். இவள் மடியில் பள்ளிக்கூடப் பை, முருங்கைக்காய்க் கட்டு, தூக்குவாளி, கால் கட்டிய சேவல் எல்லாம் ஏறி, கடைசியில் அவள் தலை மட்டும் மேலே தெரியும்.

"பரவாயில்லம்மா" என்று யாராவது மறுத்தால் விடமாட்டாள். எங்கள் ஊரில் முதல் "பரவாயில்ல"வுக்கு மதிப்புக் கிடையாது. அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது முறை இழுத்தால் கொடுத்துவிடுவார்கள்.

நானோ பயத்தைத் தவிர வேறு எதையும் துணைக்கு வைத்துக்கொள்ளாதவள். பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று யோசிப்பேன். பிடித்தால், ஏன் இவ்வளவு வேகமாகப் பிடித்தார் என்று யோசிப்பேன். என் பையை யாரிடமும் தந்ததில்லை. அக்காவிடமும்.

ஒருநாள் நாகல் நகர் நிறுத்தத்தில் ஒரு பெண் கைக்குழந்தையை அக்காவின் மடியில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்துபோனாள். பஸ் ஸ்டாண்ட் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். தாயைக் காணவில்லை. நான் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அக்கா, விட்டுட்டுப் போயிட்டாங்கக்கா! போலீஸ் கேட்டா என்ன சொல்றது?"

"செத்த நேரம் சும்மா இருடி. பிள்ளை முழிச்சுக்கிரும்."

போலீஸ் ஸ்டேஷனில் நாங்கள் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுவரை நான் கற்பனை செய்து முடித்த பிறகு, அந்தப் பெண் தலையில் புதுப் பூவோடு நிதானமாக வந்தாள். "அழுதானா தாயி?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பின்வாசலில் இறங்கிப் பூ வாங்கினாளாம்!

சிறுமலைக்குப் போனபோது அக்காவின் மடியில் ஒரு முழுப் பலாப்பழம். வளைவுக்கு வளைவு அது என் பக்கம் சாய்ந்தது. நான் பள்ளத்தைப் பார்ப்பதா பழத்தைப் பார்ப்பதா என்று தவித்தேன். டெல்லி சுற்றுலாவில் ரயிலில் நின்ற ஒரு ராணுவ வீரரின் தகரப் பெட்டியை அக்கா இழுத்தாள். அவர் துப்பாக்கியை எடுக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் எங்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? எந்த ஊருக்குப் போனாலும் மனுசனுக்குக் கை வலிக்கத்தான் செய்யும்" என்றாள் அக்கா. அவளுடைய உலக ஞானம் மொத்தமும் இதுதான்.

இந்த ஞானத்தோடுதான் அவள் ஜெர்மனிக்கு வந்தாள். அங்கேயிருந்த ஒரு கல்லூரிக்கும் எங்கள் கல்லூரிக்கும் ஏதோ உறவு ஏற்பட்டு, ஒரு மேடத்தோடு மாணவிகள் இருவரை அனுப்பினார்கள். அக்கா தைரியத்துக்காகத் தேர்வானாள். நான் மதிப்பெண்ணுக்காக.

அப்பா சம்மதிக்கவே ஒரு மாதம் ஆனது. சம்மதித்த அன்று சொன்னார்: "போயிட்டு வா. ஆனா ஒன்னையப் பத்தி ஒரு புகார் என் காதுக்கு வந்துச்சு, அம்புட்டுத்தான். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். மாப்பிள்ளை பாத்துருவேன்."

ஆகவே பாஸ்போர்ட் வைத்த பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, அதைப் பிடித்த கையை எடுக்காமல் ஜெர்மனியைப் பார்த்தேன். தேவாலயத்தைப் பார்த்தேன், பையைப் பார்த்தேன். ஆற்றைப் பார்த்தேன், பையைப் பார்த்தேன்.

அங்கே தெருவில் ஓடும் டிராமில் சத்தமே இல்லை. எல்லோரும் பரீட்சை எழுதுவதுபோல உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் நின்றேன். மேடம் முன்னால் இருந்தார். அடுத்த நிறுத்தத்தில் ஒரு அம்மாள் ஏறினார். ஒரு கையில் தோல் கைப்பை, மறு கையில் காகிதத்தில் சுற்றிய ரொட்டி. பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை.

அக்காவின் கை தானாக நீண்டது. கைப்பையைப் பிடித்தாள்.

அந்த அம்மாள் என்னவோ சொன்னார். முதல் "பரவாயில்ல" என்று நினைத்துக்கொண்டு அக்கா இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். அம்மாள் கத்தினார்.

டிராம் முழுவதும் திரும்பியது. ஒருவர் செல்போனை எடுத்தார். போலீஸ், புகார், அப்பா, மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் வரிசையாக என் கண்முன் வந்தன. மாப்பிள்ளைக்கு மீசைகூட வந்துவிட்டது.

"விடுக்கா, திருடுறோம்னு நினைக்கிறாங்க!"

அக்கா அதிர்ந்து கையை விட்டாள். அவள் முகம் வாடி நான் பார்த்தது அப்போதுதான். "நானாடி திருடுவேன்?" என்றாள், சின்னக் குரலில்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமும் ஓடிவிட்டிருந்தது. என்ன தோன்றியதோ, கழுத்திலிருந்து என் பையைக் கழற்றி, பாஸ்போர்ட்டோடு அக்காவின் மடியில் வைத்தேன். பிறகு குடையை வைத்தேன். பிறகு கோட்டைக் கழற்றி வைத்தேன். குளிரிலும் பயத்திலும் பல் கிட்டிக்க, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று காட்டினேன். அக்கா மடியில் இன்னும் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். பிறகு, மெதுவாக, ரொட்டியை மட்டும் வைத்தார்.

செல்போன் பைக்குள் போனது. அக்கா அந்த ரொட்டியைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது அந்த அம்மாள் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மேடம் திரும்பியே பார்க்கவில்லை. தங்கியிருந்த இடத்துக்கு வந்ததும், "நான் ஒண்ணும் பாக்கல. நீங்களும் ஒண்ணும் செய்யல. ஊருக்குப் போய்ச் சேருவோம்" என்றார். நான் படிப்பை முடித்தது அந்த மேடத்தின் கண்பார்வைக் குறைவால்தான்.

அக்கா எங்கேயோ வேலை கிடைத்துப் போனாள், தொடர்பு விட்டுப்போயிற்று. எனக்குத் திருமணமாகி மகள் பிறந்தாள். பயமும் கூடவே இன்னொரு மடங்கு பிறந்தது. பால் சூடாக இருக்கிறதோ, ஆறிவிட்டதோ, தும்முகிறாளே, ஏன் தும்மவில்லை.

போன வாரம் ஆத்தூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். இடுப்பில் மகள், தோளில் பை. உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையை நீட்டினாள்.

"பிள்ளையக் குடு தாயி."

"பரவாயில்லங்க."

"அட, குடுங்குறேன். இம்புட்டுக் கூட்டத்துல எப்படி நிப்ப?"

முதலில் பையைக் கொடுத்தேன். அடுத்த வளைவில் மகளையும் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆத்தூர் வரும்வரை இமைக்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சீட்டில் லக்கேஜ் அக்கா இருந்திருந்தால், நான் ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்திருப்பேன்.