வளையை மீட்க ஓர் ஆவணப்படம்

ஒரு காட்டில் சடையப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. இருந்தது என்றால் காரைப் புதரடியில் இருந்தது. அதன் சொந்த வளையில் நரி இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பினால், வாசலில் நரி பல் குத்திக்கொண்டு நின்றது. "யாரண்ணே வேணும்?" என்று வேறு கேட்டது. வளையைப் பிடுங்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த 'அண்ணே'யைச் சடையப்பன் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எழுதிக் கொடுத்த மனுக்களையெல்லாம் சிங்கராஜா அலுவலகத்து மான் தின்றுவிட்டது. கேட்டால், "கோப்பில் சேர்த்தாச்சு" என்று வாயைத் துடைத்துக்கொண்டது.

இந்த வருஷம் ராஜாவுக்குக் கண் மங்கிவிட்டது. இனிப் புகார்களை ஆவணப்படமாகத்தான் தரவேண்டும் என்று உத்தரவு. சடையப்பன் வரிசையில் நின்று படிவம் வாங்கியது. அதில், 'படத்தின் பாணி: ஏதேனும் ஒன்று' என்று ஒரு கட்டம். மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இன்னொரு மழையைப் புதரடியில் தாங்க அதன் முதுகில் தெம்பில்லை.

படம் எடுத்துத் தர முதலில் கிளி வந்தது. "படம் பாட்டுக்கு ஓடட்டும். மேலே என் குரல் விளக்கம் சொல்லும். யாராயிருந்தாலும் நம்புவார்கள்." மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்தும் காட்டியது. 'இது முள்ளம்பன்றி. இது கிழங்கு தின்னும். யாருக்கும் தீங்கு செய்யாது' என்று முக்கால் மணி நேரம் போனது.

"என் வளை எங்கே?"

"அது ரெண்டாம் பாகத்துல."

அடுத்து கொக்கு. "நான் பேசமாட்டேன், யாரையும் எதுவும் கேட்கமாட்டேன். ஒற்றைக் காலில் நின்று, நடப்பதை நடக்கிறபடி எடுப்பேன்" என்றது. நின்றது, எடுத்தது. இரண்டாம் நாளே நரி வந்து சடையப்பன் சேர்த்து வைத்த கிழங்கையும் தூக்கியது.

"யோவ் கொக்கு, தடுய்யா!"

"குறுக்கே புகுந்தால் உண்மை கெட்டுப்போகும். நீங்க கத்தினதே கெட்டுப்போச்சு. அவரை மறுபடி தூக்கச் சொல்லவா?"

கடைசியாகக் குரங்கு வந்தது. "அன்னைக்கு நடந்ததை அப்படியே நடிச்சுக் காட்டிருவோம்ணே" என்றது. வேறு ஆள் இல்லை. சடையப்பன் கட்டத்தில் அதையே எழுதியது.

நரி வேடத்துக்கு நரியையே கேட்டார்கள். அதற்கு மூக்கு விடைத்தது. "நான் வில்லனா? அழுகிற காட்சி யாருக்கு?"

"முள்ளம்பன்றிக்கு."

"அப்போ நான்தான் முள்ளம்பன்றி."

அதன் முதுகு முழுக்கப் பிசின் தடவி, விளக்குமாற்றுக் குச்சிகளை ஒட்டினார்கள். சடையப்பனுக்குச் சாக்கைப் போர்த்தி, பின்னால் ஒரு பஞ்சு வாலைக் கட்டினார்கள்.

குச்சி முதுகோடு நரி கல்யாணத்துக்குக் கிளம்பியது. வாலை இழுத்துக்கொண்டு சடையப்பன் வளைக்குள் நுழைந்தது. உள்ளே, அது கொறித்துக் கொறித்து வழவழப்பாக்கிய அதே வேர். அது படுத்துப் படுத்துக் குழிந்த அதே இடம். சடையப்பன் உட்கார்ந்தது.

"கட்! வெளிய வாங்கண்ணே" என்றது குரங்கு.

சடையப்பன் சாக்கை உதறியது. முள்ளை வாசல் பக்கம் திருப்பியது. "யாரண்ணே வேணும்?" என்றது.

நரி அழுதது. நிஜமாகவே அழுதது. "பிரமாதம், அப்படியே இருங்க!" என்று குரங்கு கிட்டப் போய் அந்த அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டது.

ராஜா படத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "முள்ளம்பன்றி நல்லா அழுவுது, பாவம். ஆனால் நரி நமக்கு வேண்டியவன். தீபாவளிக்குத் தீபாவளி முயல் அனுப்புகிறவன். படத்தில் வளைக்குள் இருப்பவனே இனியும் இருக்கட்டும்."

"ராசா, நான்தான் நரி!"

"முதுகு நிறைய முள்ளை வச்சுக்கிட்டு யாருகிட்ட கதை விடுற? படத்தை நானே பார்த்தேன்."

பிசின் நல்ல பிசின். குச்சி ஒன்றுகூட விழவில்லை.

மழை வந்தது. சடையப்பன் வளைக்குள் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை. படத்தின் முடிவில் பெயர் போடும்போது தன்னை 'மற்றும் பலர்' என்று போட்டுவிட்ட குரங்கை நினைத்து நினைத்து வேரைக் கொறித்துக்கொண்டிருக்கிறது.

நீதி: தீர்ப்பு எப்படியும் திருடன் பக்கம்தான் வரும்; ஆகவே வழக்குக்குப் போகிறவன் முதலில் திருடன் வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.