வாத்துப் படம் போட்ட மடக்கு சேர்

இருபத்திரண்டு வருஷமாக நான் ஒருவனைப் பழிவாங்கக் காத்திருந்தேன். அவன் என் மனைவி முருகம்மாளின் தம்பி வெயிலுமுத்து.

ஆண்டாப் ஹில்லில் அவன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, வந்தவர்களுக்கெல்லாம் பெரிய சேர் போட்டான். அந்த வீட்டு மூத்த மருமகனான எனக்கு அவன் மகளின் சேரைப் போட்டான். குழந்தைகள் உட்காருகிற மடக்கு சேர். பச்சைக் கம்பி, தகர இருக்கை, அதில் குடை பிடித்த வாத்து. உட்கார்ந்தேன். அது என்னையும் சேர்த்து மடங்கியது. கூடம் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு நான் அவன் வாசலை மிதிக்கவில்லை.

இப்போது அந்த மகளுக்குக் கல்யாணம். சாமிக்கு அடுத்த பத்திரிகை மூத்த மருமகனுக்கு. அது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை தாராவிக்கு வருகிறானாம்.

வரட்டும். அதே சேரில் உட்கார வைக்கிறேன்.

கம்பெனிக்காரன் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளிய சாமான்தானே, எங்காவது ஒன்று மிஞ்சியிருக்கும். ஒரு வாரம் பங்கார் கடைகளில், பழைய சாமான் குவியல்களுக்குள் தேடினேன். நாணுவின் கடையில் பழைய இரும்புக்கு அடியில் வாத்து தெரிந்தது.

"பேரனுக்கா, அண்ணாச்சி?"

"பெரிய ஆளுக்கு."

"எவ்வளவு பெரிய ஆள்?"

"தொண்ணூறு கிலோ."

"அப்ப ரெண்டா வாங்கிக்கோங்க."

ஞாயிறு காலையில் எங்கள் நாலு பிளாஸ்டிக் சேர்களையும் பக்கத்து வீட்டு ஹாஃபிஸாவிடம் கொடுத்தேன். கட்டில் மேல் பரண் சாமான்களை இறக்கி அடுக்கினேன். வீட்டில் உட்கார மிஞ்சியது வாத்து மட்டும்.

முருகம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

வெயிலுமுத்து தட்டோடு உள்ளே நுழைந்தான். நான் வாத்தைக் காட்ட வாய் திறந்தேன். அதற்குள் அவள் பாயை விரித்தாள்.

"ஏலே, கீழ உக்காரு. நமக்குள்ள என்ன சேரு?"

சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன நிக்கீய? அந்தச் சேருல உக்காருங்க."

"நானும் பாயிலயே..."

"நாலு வருஷமா முட்டி மடங்கல. உக்காந்தா யாரு தூக்குறது?"

"அப்ப நின்னுக்கிடுதேன்."

"வெத்தலத் தட்ட நின்னுக்கிட்டு வாங்கப்பிடாது."

தோளைப் பிடித்து அமுக்கினாள். உட்கார்ந்தேன். இந்த முறை அது மடங்கவில்லை. இடுப்பைக் கவ்விக்கொண்டது.

வெயிலுமுத்து உற்றுப் பார்த்தான். "அத்தான், இது எங்க வீட்டுச் சேரு மாதிரில்லா இருக்கு?"

"அதே மாதிரி வேணும்னு ஒரு வாரமா கடை கடையா அலைஞ்சாவ," என்றாள் முருகம்மாள். "உன் மவ ஞாபகமாம். ஒத்தச் சொல்லு வெளிய சொல்லுதாவளா? எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சிக்கிடுவாவ."

அந்தத் தடியனுக்குக் கண் கலங்கியது. "நீங்க கோவமா இருக்கீயன்னுல்லா அத்தான் இத்தன வருஷமா நெனச்சேன்." தட்டை என் மடியில் வைத்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"தட்ட வாங்கியாச்சு. மூணு நாள் முன்னாடியே வந்து பந்தல் வேலையெல்லாம் அவுகளே பாத்துக்கிடுவாவ," என்றாள் முருகம்மாள்.

முடியாது என்று சொல்ல விருட்டென்று எழுந்தேன்; சேரும் என்னோடு எழுந்தது.