பதினொரு வௌவால், இருபத்துமூன்று காது

எண்ணிப் பார்க்காமல் எதையும் என்னால் நம்ப முடியாது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மின்தூக்கிக்கு முப்பத்தெட்டு அடி. (மழைநாளில் நாற்பத்தொன்று, வழுக்கிவிடும் என்று குட்டி அடியாக வைப்பேன்.) பணி ஓய்வுக்குப்பின் காட்டுயிர்க் காப்பகத்தில் தொண்டூழியனாகச் சேர்ந்ததும், மாலைக் கணக்கெடுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் வாரமே மானம் போனது. தலையை எண்ணுவதைவிடக் கால்களை எண்ணி நான்கால் வகுப்பதே பத்திரம் என்பது என் சித்தாந்தம். ஓர் ஆமை கால்களை உள்ளே இழுத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. "ஆமை தப்பிச்சிடுச்சு!" என்று கத்தி வாசற்கதவைப் பூட்டினேன். ஆறு பேர் புதர் புதராகத் தேடினார்கள்.

"ஆமை ஓடிப்போச்சுன்னு பதறுன மொத ஆள் நீங்கதான் லா அங்கிள்," என்றார் பொறுப்பாளர் நஸ்ரின். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கணக்கு வேணாம். பப்பாளி மட்டும் வெட்டுங்க."

அடுத்த மாதம், சிகிச்சையில் குணமான பதினொரு பழந்தின்னி வௌவால்களை அந்தி சாயும் வேளையில் பறக்கவிட ஏற்பாடு. நஸ்ரின் கூண்டின் மேல்கதவில் கை வைத்தபோதுதான் எண்ணி முடித்தேன். (கால் கைவிட்டபின், காதை எண்ணி இரண்டால் வகுப்பது என் புதுச் சித்தாந்தம்.)

"திறக்காதீங்கம்மா! காது இருபத்துமூணு இருக்கு!"

"எந்த வௌவாலுக்கு அங்கிள் மூணு காது?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

"அங்கிளுக்குக் கத்திய எடுத்துக் குடுங்க, பப்பாளி காத்திருக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மறுபடி எண்ணினேன். அதே இருபத்துமூன்று. கூண்டுக்குள் போய், முக்காலியில் ஏறி, அண்ணாந்து வாய்விட்டு எண்ணினேன். தலைகீழாகத் தொங்கும் வௌவால், சிறுநீர் கழிக்குமுன் நிமிர்ந்துகொள்ளும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். (அப்போது நான் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.) பத்தொன்பதாவது காதில் ஒரு வௌவால் நிமிர்ந்தது. நனைந்த முகத்தோடு பழத்தட்டில் விழுந்தேன்.

ஆனால் அந்த வௌவால் நிமிர்ந்தபோது அதன் இறக்கை விரிந்துவிட்டது. மார்பில் கட்டைவிரல் அளவுக் குட்டி ஒன்று, ஒற்றைக் காது வெளியே தெரிய ஒட்டிக்கொண்டிருந்தது!

மருத்துவர் ஓடிவந்து பார்த்தார். "பொறந்து ஒரு நாள்கூட ஆகல. இப்பத்தான் ஆறுன இறக்கை இது. குட்டியத் தூக்கிக்கிட்டுப் பறந்திருந்தா ரெண்டுமே விழுந்திருக்கும்."

தாயையும் குட்டியையும் தனிக்கூண்டுக்கு மாற்றினார்கள். மற்ற பத்தும் பறந்தன.

நஸ்ரின் டிஷ்யூவை நீட்டினார். "கணக்கு இனிமே உங்களோடதுதான் அங்கிள். மொதல்ல மூஞ்சியத் துடைங்க."

அந்த வௌவால் கூண்டில் இன்று ஓர் அட்டை தொங்குகிறது: "காதையும் எண்ணவும்." வீட்டில் மட்டும் மதிப்பு வேறு. கூப்பிட்டவுடன் நான் திரும்பாவிட்டால், "உங்க மூணாவது காதுலயாவது விழுந்துச்சா?" என்கிறாள் மனைவி. நன்றாகவே விழுந்தது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.